வலது பக்கத் திரை

வான் வண்டி ஓட்டுகிற இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்னிடம் எஞ்சினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். திரையைப் பற்றி ஒருவனும் கேட்பதில்லை. ஐம்பதுகளில் கல்முனையில் வாடகைக்கு ஹையர் கார் ஓட்டியவனுக்கு முதலில் திரை கட்டத் தெரிய வேண்டும். எங்கள் ஊர்ப் பெண்கள் ஏறினால் பின்சீற்றைச் சுற்றிச் சீத்தைத் துணி கட்ட வேண்டும். அது காற்றில் பறந்தால் அடுத்த ஹையர் கிடைக்காது. என் முடிச்சு அவிழ்ந்ததே இல்லை. ஒரு முறையைத் தவிர.

எங்கள் போடியார் பெரிய வயல்காரர், பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் மரைக்காரும் கூட. மகள் சபியாவுக்குப் பதினாலு வயது. அந்த வருடத்தோடு அவளுடைய படிப்பை நிறுத்துவதாக முடிவாகியிருந்தது. அதற்கு ஆறுதலாக என்ன வேண்டும் என்று வாப்பா கேட்டாராம். தங்கக் காப்புக் கேட்பாள் என்று எல்லோரும் இருக்க, அவள் காட்டு யானையைப் பார்க்க வேண்டும் என்றாள். மனுசன் வாக்குக் கொடுத்துவிட்டார். திரை பிறகுதான் ஞாபகம் வந்திருக்கிறது.

"தம்பி, திரை அசையப்படா. யானையும் காட்டோணும்" என்றார் என்னிடம்.

"ரெண்டும் ஒண்டா நடக்காது போடியார்."

"நடத்து. அதுக்குத்தானே உன்னப் புடிச்ச."

லகுகலைக் குளத்தில் யானை, பொத்துவிலில் கடல், இரவு அங்கேயே சொந்தக்காரர் வீட்டில் தங்கல், இதுதான் திட்டம். விடியற்காலை சுபஹு தொழுததும் புறப்பட்டோம். முன்னால் நான், போடியார், பதினாறு வயது மகன் இஸ்மாயில். பின்னால் திரைக்குள் பிள்ளைகளின் உம்மாவும், என் முதுகுக்குப் பின்னால் சபியாவும். இஸ்மாயில் ஆப்பிரிக்க வேட்டைப் புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டு "சபாரி, சபாரி" என்று காதைத் தின்றுகொண்டு வந்தான். வழியில் தெரிவதையெல்லாம் தங்கைக்குச் சொல்வதும் அவன்தான்; எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்.

"மயில் ரெண்டு!"

"எந்தப் பக்கம் காக்கா?"

"போயிட்டு. அந்தா, சிங்கம்!"

"பொய் செல்லாத. இலங்கையில சிங்கம் கொடியிலதான் இரிக்கி."

"அசையாம இரி புள்ள, வாழப்பழம் நசியிது" என்றார் உம்மா.

லகுகலையில் றோட்டோரம் நிறுத்தினேன். முன்கண்ணாடியில் குளம் முழுதும் தெரிந்தது. தண்ணீரில் ஏழெட்டு யானைகள், ஒரு குட்டியும். எஞ்சினை நிறுத்தி, வெக்கைக்குப் பக்கக் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, இடையிலுள்ள திரையை விலக்கினால் போதும் என்று மெதுவாகச் சொன்னேன். போடியார் திரையில் கை வைத்தார். அந்த நேரம் பார்த்து எதிரே கல்முனை மீன் லொறி. நிறுத்தி, ஸலாம் சொல்லி, சுகம் விசாரித்து, வயல் விளைச்சல் வரை கேட்டுவிட்டுத்தான் போனான். திரும்பவும் கை வைத்தார். இன்னொரு லொறி. அவனும் தெரிந்தவன்தான். அவன் போய் முடியும்போது யானைகள் அக்கரையேறிக் காட்டுக்குள் போய்விட்டன.

"காட்டுறண்டுதானே வாப்பா சென்ன?"

அதற்குப் பிறகு திரைக்குள் அழுகைதான் கேட்டது. போடியார் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அப்போது என் தோளருகில் புஸ்ஸென்று ஒரு சத்தம். றேடியேற்றர் கொதிக்கிறதோ என்று திரும்பினேன். கொம்பில்லாத தனியன் யானை ஒன்று காரோடு ஒட்டி நின்றது.

"ஒருத்தரும் அசையாதீங்க" என்றேன். ஸ்டார்ட் பண்ணினால் மிரளும். தும்பிக்கை என் கதவைத் தடவியது, பின்கதவுக்குப் போனது, வாழைப்பழ வாசத்தைப் பிடித்தது. ஒரே இழுப்பு. என் முடிச்சு, கயிறு, சீத்தை எல்லாம் ஒன்றாகப் போயிற்று. அடுத்த இழுப்பில் பழச்சீப்பும் போயிற்று.

போடியார், மௌத்து வீட்டில் ஓதுகிற யாஸீனை உரக்க ஓதத் தொடங்கினார்.

"இன்னும் ஒருத்தரும் மௌத்தாகல்ல. மெதுவா ஓதுங்க" என்றார் உம்மா.

சபியா கத்தவே இல்லை. ஒரு முழத் தூரத்தில் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருந்தாள். யானை தின்று முடித்து, பூப்போட்ட திரையை இழுத்துக்கொண்டு ஆற அமர நடந்தது.

"கண் மயிர் எவ்வளவு நீளம் வாப்பா!"

சீற்றுக்குக் கீழேயிருந்து இஸ்மாயிலின் தலை எழும்பியது. "என்ன நடந்த? ஆராச்சும் செல்லுங்கவன்!"

பொத்துவில் வரைக்கும் சபியா சொன்னாள்.

அன்று பின்னேரம் ஆளில்லாத கரையாகப் பார்த்து நிறுத்தினேன். நாலு பேரும் முழங்கால் நனைய நின்றார்கள். ஒரு அலை போடியாரையே உருட்டிவிட்டது. உம்மா சிரித்த சிரிப்பு எனக்குக் கார்வரை கேட்டது.

மறுநாள் திரும்பும்போது போடியார் சால்வையை உருவி, திறந்து கிடந்த பக்கம் கட்டப் போனார்.

"அதயும் யானைக்குக் குடுக்கவா? தோள்ள போடுங்க" என்றார் உம்மா.

போடியார் இரண்டு பக்கமும் பார்த்தார். கல்முனைக்கு வரும்போது வீடுகள் கூடுதலாக இடது பக்கம், கடல் வலது பக்கம்.

"கடல் பக்கம்தானே. மீன் பாத்தாப் பாத்துட்டுப் போகட்டும்" என்று ஏறிக்கொண்டார். பிறகு என் காதில், "ஊருல கதச்சிராத தம்பி" என்றார். நான் வாய் திறக்கவில்லை. பின்னேர அஸர் தொழுகைக்கு முன்னே சபியா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அந்தப் பயணத்தில் நான் படித்தது இதுதான்: இடது பக்கத் திரையை இறுக்கிக் கட்டு, வலது பக்கத்துக்கு ஒற்றை முடிச்சுப் போதும்.

அடுத்த வருடமும் போடியார் என்னைத்தான் பிடித்தார். சபியா ஓடிவந்து வலது பக்கம் ஏறப் போனாள்.

"தள்ளிரு புள்ள, இந்த முற நான்" என்று உம்மா ஏறி உட்கார்ந்தார். மடியில் இரண்டு சீப்பு வாழைப்பழம் இருந்தது.