அடிக்குறிப்பில் இருந்தவள்

பதிப்பகத்துக்காரர் போனில் சொன்னார்: "மேடம், அடிக்குறிப்பு எல்லாம் லிங்க்கா இருக்கு. எங்க சாஃப்ட்வேர்ல ஏத்துனா ஒண்ணுகூட நிக்கல. சாதா எழுத்தா மாத்திக் குடுங்க. இல்லன்னா குறிப்பே இல்லாமப் போட்டுடலாம். அதையெல்லாம் யாரு படிக்கப் போறா?"

படிக்க ஒருத்தி இருக்கிறாள் ஐயா என்று வாய் வரைக்கும் வந்தது. "ஞாயித்துக்கெழம குடுத்துடறேன் சார்" என்று வைத்துவிட்டேன்.

ஒரகடத்தில் கம்பெனி லைனில் வேலை பார்த்துக்கொண்டே எழுதிய கட்டுரைகள் அவை. வடக்குப்பட்டில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். "தொட்டுக்க இன்னாடி கீது?" என்று நான் கேட்டால், "வெஞ்சனம்னு சொல்லுங்கக்கா" என்று திருத்துவாள். திமிர் பிடித்தவள். கட்டுரையில் அவள் பேச்சு வரும் இடமெல்லாம் அடிக்குறிப்பு போட்டு, அவள் சொன்ன விளக்கத்தை அப்படியே எழுதினேன். "புக்குல நான் வருவேனாக்கா?" என்று நச்சரித்துக்கொண்டே இருப்பாள். பிறகு கல்யாணமாகிப் போனாள். முதலில் தினமும் போன் வந்தது, அப்புறம் பண்டிகைக்கு மட்டும், அப்புறம் அதுவும் இல்லை.

ஞாயிறன்று லேப்டாப்பைத் திறந்தேன். வரியில் இருந்த குட்டி எண்ணை அழித்ததும், பக்கத்தின் அடியிலிருந்த குறிப்பும் சேர்ந்து மறைந்தது. அதைவிடக் கொடுமை, அடுத்த குறிப்பு அந்த எண்ணை எடுத்துக்கொண்டு ஒன்றுமே நடக்காத மாதிரி நின்றது. கம்பெனி பஸ் வரிசையில் ஒருத்தி விலகினால் அடுத்தவள் நகர்ந்து நிற்பாளே, அப்படி. திட்டிக்கொண்டே அழித்ததை மீட்டேன். கடைசிக் குறிப்பிலிருந்து மேல்நோக்கி வர வேண்டும் என்று பிறகுதான் புரிந்தது. குறிப்பை நகலெடுத்துக் கட்டுரையின் முடிவில் ஒட்டி, எண்ணைக் கையால் தட்டி, அதற்கப்புறமே பழைய எண்ணை அழிக்க வேண்டும்.

மதியம் வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார். "இன்னாமா ஒண்டியா ஒக்காந்துகினு கீற? அந்தக் காலிக் கட்டிலுக்கு ஒரு பொண்ணச் சேத்துக்கோயேன்."

"பாக்கலாம்மா" என்றேன். எப்போதும் அதைத்தான் சொல்கிறேன்.

கடைசியாக மிஞ்சியது முதல் குறிப்பு, வெஞ்சனம். கருவாடு அதில் சேருமா என்று ஒரு சந்தேகம். சந்தேகமாவது மண்ணாவது, அவள் குரலைக் கேட்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. கூப்பிட்டேன்.

"அக்காவா? நல்லா இருக்கியளா?" பின்னால் குழந்தை வீறிட்டது. குறிப்பைப் பற்றிச் சொன்னேன். "நானா சொன்னேன்? ஞாபகமே இல்லையேக்கா. என்ன புக்கு? பிள்ள அழுவுதான், பொறவு கூப்பிடுதேன்."

சாயங்காலம் வரை போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். வரவில்லை. அவள்மேல் கோபமில்லை என்று சொன்னால் பொய். அவளுக்கே நினைவில்லாததை நான் எதற்குக் கட்டிக்கொண்டு அழ வேண்டும், குறிப்பெல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

ஆனாலும் ஒட்டி முடித்தேன். பிறகு மேலே நான் தட்டியிருந்த எண்ணை அழித்துப் பார்த்தேன். இந்த முறை கீழே எதுவும் மறையவில்லை. "சோத்துக்குத் தொட்டுக்கிடுறது எல்லாமே வெஞ்சனந்தான்க்கா" என்று அவள் அங்கேயே இருந்தாள். அழுதுவிட்டேன். அப்புறம் எண்ணைத் திரும்பத் தட்டி, கோப்பை அனுப்பினேன்.