மூன்று பேருக்கு ஒரு லாட்

என் கோபத்துக்குத் திருப்பூரில் வேலையே இல்லை. எங்கள் தூத்துக்குடிப் பக்கம் ஒருவன் மேல் கோபம் என்றால் நேரே போய் நின்று சத்தமாக நாலு வார்த்தை கேட்டுவிடலாம். அவனும் நாலு கேட்பான். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே கடையில் டீ குடிக்கலாம். இங்கே அது நடக்காது. நாம் குரலை உயர்த்தினால் எதிரே இருப்பவர், "உக்காருங்க, மொதல்ல தண்ணி குடிங்க" என்பார். தண்ணீர் குடித்த வாயால் எப்படித் திட்டுவது? நான் இங்கே மாட்டிக்கொண்டிருப்பது பணத்தால் என்று என் மனைவி சொல்கிறாள். இந்த மரியாதையால்தான் என்று நான் சொல்கிறேன். இன்னும் தீரவில்லை அந்த வழக்கு.

நான் கட்டிங் மாஸ்டர். முதலிபாளையத்தில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் குழந்தைகள் உடுப்புக்குத் துணி வெட்டுகிறேன். நீள மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அளவைக் குறித்து, மெஷினை உள்ளே விட்டு ஒரே ஓட்டமாக வெட்டவேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் இந்த ஊருக்கு வந்தவன், இன்றுவரை அடுத்தவர் மேசையில்தான் குனிந்துகொண்டிருக்கிறேன். குனிந்து என்று சொல்வது வெறும் பேச்சுக்கு அல்ல. எங்கள் கம்பெனி மேசை யாரோ குள்ளமான மாஸ்டருக்காக அடித்தது. நானோ பனைமரம் மாதிரி வளர்ந்தவன். சாயங்காலம் ஆனால் இடுப்பை நிமிர்த்த ஒரு ஆள் வேண்டும்.

எங்கள் முதலாளிக்கு ஒரு நாள் பங்குச்சந்தைப் பைத்தியம் பிடித்தது. நல்ல மனிதர், கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது, அதனால் இது வந்தது என்று நினைக்கிறேன். ஏஐ கம்ப்யூட்டர்களை வரிசை வரிசையாக அடுக்கிவைக்கும் டேட்டா சென்டர்களுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் போர்டுகள் செய்கிற ஒரு கம்பெனியை அவர் கண்டுபிடித்திருந்தார். சின்னக் கம்பெனி, பெரிய கம்பெனிகளுக்கு சப்ளை. "நம்மளாட்டத்தானுங்க மாஸ்டர், ஜாப் ஒர்க். ஆனா துணி இல்லீங்க, கரண்டு" என்றார்.

எனக்கும் அதில் ஒரு கணக்கு இருந்தது. பெரிய பனியன் கம்பெனிகளில் அளவு குறிக்கிற வேலையை ஏற்கெனவே கம்ப்யூட்டர் செய்கிறது. ஏஐ வந்தால் கட்டிங் மாஸ்டரே தேவைப்படாது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். என்னை வீட்டுக்கு அனுப்பப் போகிற மெஷினில் எனக்கும் ஒரு பங்கு இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தேன்.

ஆனால் அந்த மாதிரிச் சின்னக் கம்பெனிப் பங்கை உதிரியாக வாங்க முடியாதாம். ஒரு லாட், அதாவது ஒரு கட்டு முழுசாக வாங்கவேண்டும், விற்றாலும் முழுசாகத்தான் விற்கவேண்டும். முதலாளியிடம் அந்த அளவுக்கு இல்லை. அப்போது வாயைத் திறந்தவன் நான்தான். "டயிங்குக்குப் போடற மாதிரி சேந்து போட்டா என்ன?" என்றேன்.

இங்கே சாயப்பட்டறைக்காரர்கள் தொட்டி நிறையாமல் சாயம் போடமாட்டார்கள். சின்ன ஆர்டர் வைத்திருக்கிறவர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரே நிறம் முடிவு செய்து, ஒருத்தர் பேரில் துணியை அனுப்பி, வந்தபிறகு பிரித்துக்கொள்வார்கள். எல்லாம் வாய்ப்பேச்சு. அதில் ஒரு தகராறு வந்து நான் பார்த்ததில்லை. துணி சாயமேறி வந்ததும் வெட்டிப் பிரித்துவிடலாம் என்பதால்தான் தகராறு வரவில்லை என்பது அப்போது என் மண்டைக்கு எட்டவில்லை.

மூன்றாவது ஆளாக முதலாளியின் மச்சான் சேர்ந்தார். குன்னத்தூர்ப் பக்கம் விவசாயம், மாடுகள், பேச்சு குறைவு. கணக்கு முதலாளி பேரில். மூன்று பேரும் சரி என்றால்தான் விற்பது என்று பேசிக்கொண்டோம்.

வாங்குவதற்கு முன்னால் அந்தத் தொழிற்சாலையைப் பார்க்கவும் போனோம். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. கேட்டுக்கு உள்ளே விடவில்லை. அதனால் என்ன, திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு கம்பெனியின் நிலவரம் தெரிய உள்ளே போகவேண்டியதில்லை, எதிரே இருக்கிற டீக்கடை போதும். எத்தனை கேன் டீ போகிறது, ராத்திரி ஷிப்டு ஓடுகிறதா, ஆட்கள் வாரச் சம்பளத்தில் பாக்கியைத் தீர்க்கிறார்களா, மூன்று கேள்வி. டீக்கடைக்காரர் எல்லாவற்றுக்கும் நல்ல பதில் சொன்னார். பேருந்து பேருந்தாக ஆள் இறங்குகிறதாம், கேனைக் கழுவ நேரமில்லையாம். நாங்கள் மூன்று பேரும் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு மகாராஜாக்கள் மாதிரி திரும்பி வந்தோம். அத்தனை வேலையும் யாருக்காக நடக்கிறது, சரக்கு வாங்குகிற ஒரே ஒரு பையருக்கா என்று யாரும் கேட்கவில்லை. ஒரே பையரை நம்பி மூடிப்போன பனியன் கம்பெனிகளை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறோம். அப்படியும் கேட்கவில்லை.

முதலில் விலை ஏறியது. சாதாரண ஏற்றமில்லை. காலையில் மேசைக்கு வரும்போதே முதலாளி போனை நீட்டுவார், எனக்குத் துணி விரிக்கவே கை வராது.

அந்தச் சமயத்தில்தான் ஷெட் வந்தது. அடுத்த தெருவில், வயதான ஒருவர் துணி வெட்டிக் கொடுக்கிற தொழில் செய்துகொண்டிருந்தவர், மகளோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். மேசையோடு ஷெட்டை வாடகைக்கு விடுகிறேன் என்றார். போய்ப் பார்த்தேன். மேசைக்குப் பக்கத்தில் நின்று கையை வைத்தேன். இடுப்புக்குச் சரியாக இருந்தது. குனியவே வேண்டாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒரு மேசைக்காக. நான் வெட்ட, மனைவி வெட்டின துணியைப் பிரித்துக் கட்ட, எங்களுக்கென்று ஒரு இடம். அட்வான்சுக்கு என் பங்கு வந்தால் போதும்.

முதலாளியிடம் சொன்னேன். "ரொம்ப சந்தோசமுங்க மாஸ்டர்" என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். பிறகு, "ஆனா ஒங்க பங்க மட்டும் விக்க வழியில்லீங்களே. மச்சான் தை வரைக்கும் இருக்கட்டும்ங்கறாப்ல. நான் என்னுங்க பண்றது?" என்றார்.

அதுதான் கதை. மூன்றில் ஒரு பங்கு என்னுடையது, ஆனால் அதைத் தொட முடியாது. துணியாக இருந்தால் கத்தரியை எடுத்திருப்பேன்.

மனைவியிடம் சொன்னபோது அவள் இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். "அவுக சொன்னாவன்னு நீங்களும் தலைய ஆட்டிட்டு வந்துட்டியளாக்கும். ஒங்க முதலாளிக்கு இதைவிட என்ன வேணும்? பணம் அங்க கெடக்குத வரைக்கும் நீங்களும் அங்கதான கெடப்பிய" என்றாள். அந்தப் பேச்சு எனக்குள் புகுந்துகொண்டது. அன்றிலிருந்து அவர் "மாஸ்டர் சாப்ட்டீங்களா" என்று கேட்டால்கூட அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். ஒன்றும் கிடைக்காது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

தை வருவதற்குள் அந்தத் தொழிற்சாலையின் ஒரே பெரிய வாடிக்கையாளர் ஆர்டரைத் தள்ளிவைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. அவ்வளவுதான். ஒரு நாளைக்கு விலை இவ்வளவுதான் இறங்கலாம் என்று சந்தையில் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். காலையில் சந்தை திறந்ததும் எங்கள் பங்கு நேரே போய் அந்த வரம்பில் உட்கார்ந்துகொள்ளும். விற்க ஊரே வரிசையில் நிற்கும், வாங்க ஒரு ஆள் இருக்காது. மறுநாள் அதற்கும் கீழே. இப்போது மச்சானும் விற்கச் சொல்லிவிட்டார். மூன்று பேரும் சரி என்று சொல்லிவிட்டோம், ஆனால் கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்தது.

முதலாளி தினமும் விற்கப் போட்டுவிட்டு மேசைக்கு வந்து சொல்வார். "போட்டிருக்கறனுங்க மாஸ்டர். வாங்க ஆளில்லீங்க." ஏதோ அவர் செய்த தப்பு மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சொல்வார். அந்தக் குனிந்த தலையைப் பார்த்து யார் சண்டை போடுவது? வெட்டுகிற துணியிடம் பல்லைக் கடிப்பேன். ஏஐ என்று யாராவது சொன்னாலே எழுந்துபோகிற அளவுக்கு வந்துவிட்டேன். ஷெட்காரரோ எனக்காகக் காத்திருந்தார். கடைசியில் அவரும், வடக்கிலிருந்து வந்த ஒருவர் குடோனுக்குக் கேட்கிறார் என்றும், வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள் என்றும் சொல்லிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் பூட்டுத் திறந்தது.

முதலாளி போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். ஆர்டர் திரும்ப வருகிறது என்று ஏதோ பேச்சு. வாங்க ஆட்கள் வந்துவிட்டார்கள். இறங்கி இறங்கி நாங்கள் வாங்கிய இடத்துக்குச் சற்றுக் கீழே வந்திருந்த விலை, அதையும் கொஞ்சம் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. என் பங்கு ஷெட் அட்வான்சுக்குப் போதும். அவர் அங்கேயே நின்று மச்சானைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டார். பின்னால் மாடு கத்துவது கேட்டது. "மாஸ்டருக்குத்தான அவசரம், அவர் சொல்றதுதானுங்க. வித்துப்போடுங்க மாப்ள" என்றார் மச்சான்.

முதலாளி போனை என் முன்னால் மேசையில் வைத்தார். "எல்லாம் போட்டு வெச்சுட்டனுங்க. நீங்களே அமுக்கிருங்க." பிறகு ஆசையாகக் கேட்டார், "அந்த ஷெட்டுல அப்புடி என்னுங்க மாஸ்டர் இருக்குது?"

"மேசை உயரமா இருக்குங்க. குனிய வேண்டாம்" என்றேன்.

அவர் எங்கள் மேசையைப் பார்த்தார், என் முதுகைப் பார்த்தார். பல வருஷமாக அவர் கண்ணெதிரேதான் குனிந்துகொண்டிருந்தேன்.

நான் விரலை நீட்டினேன். பச்சை எழுத்தில் விலை ஏறியது. கொஞ்சம்தான். இன்னொரு தரம் ஏறியது. அந்த நேரத்தில் எனக்கு ஷெட் ஞாபகம் வரவில்லை. அந்தப் பழைய உச்ச விலைதான் ஞாபகம் வந்தது. அந்த விலைக்குப் போனால் ஷெட் மட்டுமல்ல, மெஷினும் புதுசாக வாங்கலாம். இத்தனை நாள் எங்களைப் படுத்தி எடுத்த பங்கு கொடுக்கிற நேரத்தில் நான் கையை இழுத்துக்கொள்வதா? யாரும் என்னைப் பிடித்து நிறுத்தவில்லை. மச்சான் விற்கச் சொன்னார், முதலாளி கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார்.

"திங்கக்கிழமை வரைக்கும் பாப்போமே" என்று என் வாய்தான் சொன்னது.

"யோசிச்சுக்கங்க மாஸ்டர்" என்றார் முதலாளி.

"யோசிச்சுத்தான் சொல்லுதேன்."

சாயங்காலம் ஷெட்காரருக்கு நான் போன் பண்ணவில்லை. அவர் கூப்பிட்டபோது எடுக்கவும் இல்லை. மனைவியிடம் வாங்க ஆளில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் முதலாளியைத் திட்டினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை சந்தை திறந்ததும் விலை கீழே போய் வரம்பில் உட்கார்ந்தது. ஆர்டர் வந்தது வெறும் பேச்சுத்தானாம். அதை வீட்டிலேயே போனில் பார்த்துவிட்டுத்தான் புறப்பட்டேன். வழியில் ஷெட்டின் வாசலில் லாரி நின்றது, மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்த மேசையை வெளியே எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

கம்பெனிக்குள் நுழைந்தால் முதலாளி கைத்தூசியைத் தட்டிக்கொண்டு நின்றிருந்தார், வேட்டியெல்லாம் மரத்தூள். விடியற்காலையிலேயே ஆசாரியை வரவழைத்து எங்கள் மேசைக் கால் ஒவ்வொன்றுக்கும் கீழே கனமான மரக்கட்டை வைத்து அடித்திருந்தார்.

"நின்னு பாருங்க மாஸ்டர். இனி முதுகு வலிக்காதுங்க. நீங்க எங்கியும் போகவேண்டியதில்லீங்க."

நின்று பார்த்தேன். இடுப்புக்குச் சரியாக இருந்தது. குறை சொல்ல இனி ஒன்றுமில்லை. துணியை எடுத்து விரிக்க ஆரம்பித்தேன்.