படம் பார்க்காதவள் சொன்ன கதை

பூமாரி அந்தப் போனை வாங்கியது குன்றத்தூர் பஸ் நிலையத்தை ஒட்டிய ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில். கண்ணாடியில் ஒரு ஓரம் விரிசல். யாரோ விற்கும்போது எடுக்க மறந்த மெமரி கார்டு உள்ளேயே இருந்தது. அதில் போட்டோ இல்லை, வீடியோ இல்லை. பதினான்கு இசைத்துண்டுகள் மட்டும். பெயர்கூடக் கிடையாது. ஒன்று முதல் பதினான்கு வரை வெறும் எண்கள்.

ஒன்றிலும் பாட்டு வரவில்லை. முதலாவதில் மெல்லிய மணிச்சத்தம், அதற்கடியில் யாரோ வாயை மூடிக்கொண்டு ராகம் இழுப்பதுபோல் ஓர் ஓசை. மூன்றாவதில் புல்லாங்குழல். ஆறாவதில் ரொம்ப நேரம் எதுவுமே இல்லை. போன் நின்றுவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தால் விநாடி ஓடிக்கொண்டிருக்கும். பிறகு ஒரே ஒரு சொட்டு விழும்.

"ஏதோ கார்ட்டூன் படத்து மியூசிக் மாதிரி இருக்கு. ஜப்பான்காரன் எடுப்பான்ல, பெரிய பெரிய கண்ணா, அந்த மாதிரி" என்றாள் அறைத்தோழி சுகப்பிரியா. அழித்துவிட்டு நல்ல பாட்டாக ஏற்றிக்கொள்ளச் சொன்னாள். பூமாரி அழிக்கவில்லை.

அவளுக்கு இருபத்தொரு வயது. விளாத்திகுளத்துப் பக்கத்திலிருந்து வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை. கார் கதவுக்குள் போகும் ஒயர்க் கட்டுகளுக்குக் கறுப்பு டேப் சுற்றும் வேலை. லைனில் போன் கொண்டுபோகக் கூடாது. ஆனால் இரண்டு வாரத்தில் அந்தப் பதினான்கும் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டதால், டேப் சுற்றும்போது உள்ளுக்குள் ஓடவிட்டுக்கொள்வாள். ஒன்பதாவது கொஞ்சம் வேகமானது. அது ஓடும் நேரத்தில் கையும் வேகமாகப் போகும். லைன் லீடர் செந்தமிழன் ஒருநாள் அவள் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, சாவி கொடுத்த மாதிரி சுத்துற?" என்று கேட்டான். அவள் அடுத்த கட்டைக் கையில் எடுத்தாள். பொதுவாகவே அதிகம் பேசாத பெண்.

அவர்கள் போகும் கம்பெனி பஸ் காலை ஏழே காலுக்குக் குன்றத்தூரில் கிளம்பும். டிரைவர் பரசுராமன். அந்த பஸ்ஸில் பாட்டுக்காகத் தினமும் சண்டை. தெற்கத்திப் பெண்களுக்கு மெலடி வேண்டும். ஷாரோன் தலைமையில் குன்றத்தூர்ப் பெண்களுக்குக் குத்துப்பாட்டு வேண்டும். ஒரு திங்கட்கிழமை சண்டை முற்றிப்போய், பரசுராமன் ஓரங்கட்டி வண்டியை நிறுத்தி, பாட்டையும் நிறுத்தினார்.

"ரெண்டு கோஷ்டிக்கும் பாட்டு இல்ல. யார்கிட்டயாவது வார்த்தையே இல்லாத மியூசிக் இருந்தா போடுங்க. இல்லாட்டி எல்லாரும் வாய மூடிகினு வாங்க."

பூமாரி எழுந்துபோய்த் தன் போனை நீட்டினாள். அவள் எழுந்ததே பலருக்கு ஆச்சரியம்.

முதல் துண்டு பஸ்ஸின் ஸ்பீக்கரில் ஒலித்தபோது வண்டி செம்பரம்பாக்கம் ஏரியை ஒட்டி வந்துகொண்டிருந்தது. மழை முடிந்த மாதம். தண்ணீர் கரை தொட நின்றது. மணிச்சத்தம் வந்தது. மேலே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. குத்துப்பாட்டு கேட்ட வரிசையிலிருந்து ஷாரோன் திரும்பினாள்.

"சூப்பரா கீது. இது இன்னா படம்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை நாளாக அந்த இசை அவளுக்குள் ஒரு கதையாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. முப்பது முகங்கள் தன்னையே பார்க்க, பூமாரி ஏரியைக் காட்டினாள்.

"இந்தா இருக்குல்லா, இது மாதிரி ஒரு ஏரி. அதுக்கு அடியில ஒரு ஊரு இருக்கு. அங்க எப்பவும் சாயங்காலந்தான். அந்த ஊருல ஒரு பொண்ணு. மேல இருந்து தண்ணிக்குள்ள விழுற சத்தத்த எல்லாம் பொறுக்கி எடுத்து வைக்கிறதுதான் அவ வேல."

"இன்னா சத்தம்?"

"எல்லாந்தான். பஸ் ஹாரன், கோயில் மணி, மழ. யாராவது கரையில நின்னு போன்ல அழுதா, அந்த அழுக. எல்லாத்தையும் டப்பாவுல போட்டு, பேர் எழுதி அடுக்குவா."

ஒரகடம் வந்துவிட்டது. இறங்கும்போது செல்வலட்சுமி என்ற பெண் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "அப்புறம் என்ன ஆகும்?" என்று கேட்டாள். "நாளைக்கு" என்றாள் பூமாரி. அன்றைக்குப் பதினெட்டு ஒயர்க் கட்டுகளைத் தப்பாகச் சுற்றி, பிரித்து, மறுபடி சுற்றினாள். நாளைக்கு என்ன சொல்வது என்ற யோசனைதான் காரணம்.

ஒரு நாளைக்கு ஒரு துண்டு. இசையை ஓடவிட்டு, அதன்மேல் மெதுவாகச் சொல்வாள். மூன்றாம் நாள் பின்சீட்டுக்காரர்கள் முன்னால் வந்து நின்றுகொண்டார்கள். ஆறாவது துண்டன்று, ஏரிக்கடியில் சத்தங்கள் எல்லாம் ஒரேயடியாகக் காணாமல் போயின. அந்த நீண்ட மௌனத்தில் பஸ்ஸுக்குள் இருமல்கூடக் கேட்கவில்லை. பரசுராமன் கியர் மாற்றாமலே ஓட்டப் பார்த்தார். சொட்டு விழுந்தபோது யாரோ "அப்பாடா" என்றார்கள். போன வாரம் சண்டை போட்டவர்களா இவர்கள் என்று பூமாரிக்கே நம்ப முடியவில்லை.

பதினோராவது துண்டு பெரியது. முரசும் பித்தளை வாத்தியங்களும் சேர்ந்து மலை சரிவதுபோல் வரும். அவளுக்கு அதுதான் மிகவும் பிடிக்கும். ஏரியின் மதகுகள் திறக்கின்றன என்று சொன்னாள். அடைத்துவைத்திருந்த சத்தமெல்லாம் தண்ணீரோடு சேர்ந்து ஊருக்குள் பாய்கிறது என்றும், தெருத்தெருவாகத் திருவிழாபோல் ஆர்ப்பரித்து ஓடுகிறது என்றும் கையை விரித்துச் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். ஷாரோன் மட்டும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் பஸ் கிளம்பியதுமே ஷாரோன் எழுந்து நின்றாள்.

"நேத்து மியூசிக்க ஆப்ல போட்டுக் கண்டுபுட்ச்சேன். படத்தையும் பார்த்துட்டேன். ஏரியும் இல்ல, மதகும் இல்ல. அக்கா தம்பி ரெண்டு பேர் மல மேல மேகம் மேய்க்கிறாங்க. அவ்ளோதான் கத. இவ சொன்னது எல்லாமே பீலா."

பஸ்ஸில் சிரிப்பு எழவில்லை. அதுதான் பூமாரிக்கு இன்னும் மோசமாக இருந்தது. ஏமாற்றப்பட்டவர்கள் பார்க்கும் பார்வையோடு எல்லோரும் பார்த்தார்கள். "பாத்த மாதிரியே சொன்னியேடி" என்றாள் செல்வலட்சுமி. பூமாரி பரசுராமனிடமிருந்து போனை வாங்கிக்கொண்டு கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தாள். நான்கு நாள் பஸ்ஸில் எஃப்.எம். ஓடியது. விளம்பரமும் பாட்டுமாக. யாரும் சண்டை போடவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

அந்த நான்கு நாளும் அவள் தன் பொய்யைப் பற்றிக் கவலைப்பட்டதைவிட, ஷாரோன் முகம் திருப்பிக்கொண்டதைப் பற்றித்தான் அதிகம் யோசித்தாள். அது பொய்யைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே நடந்தது. அப்போது எதற்காகத் திருப்பிக்கொண்டாள்?

ஐந்தாம் நாள் கேன்டீனில் தட்டை எடுத்துக்கொண்டு நேராக ஷாரோன் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் சொன்னது பொய்தான். ஆனா அதுக்காக மட்டும் உங்களுக்குக் கோவம் வரல. மதகு தொறந்ததச் சொன்னப்பவே வந்துட்டு. ஏன்னு சொல்லுதியளா?"

ஷாரோன் சாம்பார் சாதத்தைக் கிளறிக்கொண்டே இருந்தாள். பிறகு தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாள்.

"ரெண்டாயிரத்துப் பதினஞ்சுல எங்க வூடு அனகாபுத்தூர் கிட்ட, ஆத்தோரம். எனக்குப் பன்னெண்டு வயசு. செம்பரம்பாக்கம் மதகத் தொறந்து தண்ணி ஏறுச்சுன்னு பக்கத்து வூட்டு மாடிக்கு ஓடிட்டோம். நாய அவுத்து வுட மறந்துட்டோம். சீசர். செயின்ல கட்டியிருந்துச்சு. ராத்திரி பூரா குலைச்சிகினே இருந்துச்சு. காலைல சத்தம் இல்ல." நிமிர்ந்து பார்த்தாள். "நீ அத திருவிழான்ற."

மன்னிப்புக் கேட்டால் போதாது என்று பூமாரிக்குத் தெரிந்தது.

"பதினொண்ண நான் தப்பாக் கேட்டுட்டேன்க்கா. திரும்பக் கேக்கணும்."

கேட்டாள். ஹாஸ்டல் மொட்டை மாடியில், துணி காயப்போடும் கொடிகளுக்கு நடுவில் நின்று, அந்த ஒன்றை மட்டும் ஞாயிறு காலை முழுக்கக் கேட்டாள். முரசையும் பித்தளையையும் ஒதுக்கிவிட்டு மற்றதைக் கேட்டாள். நடுவில், எல்லா இரைச்சலுக்கும் கீழே, ஒரு சின்னத் தந்தி இரண்டு இரண்டாக அடித்துக்கொண்டிருந்தது. நின்று, மறுபடி இரண்டு. இத்தனை நாள் அது அவள் காதில் விழவேயில்லை.

திங்கட்கிழமை பஸ் நிறுத்தத்தில் ஷாரோனிடம் கேட்டாள்: "சீசரக் கதையில விடலாமாக்கா?"

பஸ் வந்து, கதவு திறந்து, ஏறும்போதுதான் ஷாரோன் சொன்னாள். "வுடு. ஆனா சாவக் கூடாது."

அன்றே இன்னொன்றும் செய்தாள். கம்பெனி ஆண்டு விழாவுக்குப் பெயர் வாங்கிக்கொண்டிருந்த மணிகண்டபிரபுவிடம் போய், பூமாரியின் பெயரைக் கொடுத்தாள். ஹெச்.ஆர். அலுவலகத்து ஆள் அவர். "கதையா? டான்ஸ் ஏதாவது ஆட மாட்டாங்களா?" என்றார். நடனத்துக்கும் குலுக்கல் பரிசுக்கும் நடுவில் பத்து நிமிடம் கிடைத்தது.

விழா ஒரு சனிக்கிழமை மதியம், படப்பையில் ஒரு கல்யாண மண்டபத்தில். அறுநூறு பேர். நடனம் முடிந்து விசில் ஓயவில்லை. பின்பக்கமிருந்து பிரியாணி வாசனை வந்து பாதிப் பேர் கழுத்தைத் திருப்பியிருந்தார்கள். பூமாரி மேடையேறியபோது மைக் அவள் உயரத்துக்கு இல்லை. ஷாரோன் வந்து இறக்கிவிட்டு, போனைச் சவுண்டு சிஸ்டத்தில் இணைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

"இந்த மியூசிக் ஒரு படத்துல வருது" என்றாள் பூமாரி. "அந்தப் படத்த நான் பாக்கல. முதல்ல பாத்த மாதிரி சொன்னேன். அது தப்பு. இப்பச் சொல்லப்போறது எனக்குக் காதுல கேட்டது."

முதல் துண்டு தொடங்கியது. அவ்வளவு பெரிய ஸ்பீக்கரில் அவள் அதைக் கேட்டதே இல்லை. விரிசல் விழுந்த போனில் வராத ஒரு கனத்த ஓசை தரை வழியாக ஏறிக் காலில் அதிர்ந்தது. ஏரியின் அடித்தளமே மூச்சு விடுவதுபோல் இருந்தது. அவள் ஒரு கணம் பேச மறந்து நின்றாள். அதற்குள் மண்டபமும் அமைதியாகிவிட்டது.

சத்தம் பொறுக்கும் பெண்ணைச் சொன்னாள். டப்பாக்களைச் சொன்னாள். ஆறாவதன் மௌனத்தில் அறுநூறு பேரும் ஃபேன் ஓடுவதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை எதையோ கேட்க வாயெடுக்க, அதன் அம்மா வாயைப் பொத்தினாள்.

பதினோராவது வந்தது.

"தண்ணி வருது. எல்லாச் சத்தமும் ஒண்ணாக் கலந்துட்டு. எது மழ, எது அழுக, எது மணின்னு யாருக்கும் தெரியல. ஆனா அவளுக்குத் தெரியும். அவ வேலையே அதுதான. அவ்வளவு இரைச்சல்லயும் அவளுக்கு ஒண்ணு கேக்கு. கேளுங்க. ரெண்டு ரெண்டா."

மண்டபம் காதைத் தீட்டியது. முரசுக்கடியில் அந்தத் தந்தி அடித்தது. முன்வரிசையில் இருந்த பரசுராமன் டிரைவர் தன்னை அறியாமல் விரலால் முழங்காலில் இரண்டு தட்டினார்.

"ஒரு நாய் குலைக்கி. சங்கிலியில கட்டியிருக்கு. அவ மத்த டப்பாவ எல்லாம் விட்டுட்டா. அத்தன வருசமா சேத்து வச்சத தண்ணியோட போகட்டும்னு விட்டுட்டு, அந்த ஒரு சத்தத்தப் புடிச்சிக்கிட்டு நீந்திப் போறா. போயி, சங்கிலிய அவுக்கா."

சரியாக அந்த இடத்தில் பித்தளை வாத்தியங்கள் எல்லாம் ஒன்றாக மேலே எழும்பின. பூமாரி அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை. பக்கத்தில் ஷாரோன் போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக, ஒலியை இன்னும் ஏற்றினாள்.

பத்து நிமிடம் இருபத்திரண்டு நிமிடமானதை யாரும் கவனிக்கவில்லை. கடைசித் துண்டு ஓய்ந்தபோது முதலில் எழுந்தவர் பரசுராமன். அப்புறம் குன்றத்தூர் பஸ் மொத்தமும். அப்புறம் வேறு எந்தெந்த பஸ்ஸிலோ வரும் பெயர் தெரியாத ஆட்கள். கைதட்டல் ஓயும் என்று மைக்கோடு காத்திருந்த மணிகண்டபிரபு, குலுக்கல் சீட்டுப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தானும் தட்டினார். செல்வலட்சுமி மேடைக்கு ஓடிவந்து அவளைத் தூக்கியே விட்டாள். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இருந்துகொண்டு பூமாரி அந்த மண்டபத்தைப் பார்த்தாள். பிரியாணிப் பக்கம் திரும்பியிருந்த ஒரு தலைகூட இல்லை.

அடுத்த ஞாயிறு மதியம் ஷாரோன் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். இப்போது வீடு குன்றத்தூர் மேட்டில், இரண்டாம் மாடியில். அவள் அம்மா லூர்தம்மாள் மீன் வறுத்துப் போட்டார். சாப்பிட்டு முடித்து டி.வி.யில் அந்தப் படத்தைப் போட்டார்கள். அக்காவும் தம்பியும் மலை மேல் மேகங்களை மேய்த்தார்கள். மேகங்கள் ஆட்டுக்குட்டிபோலத் துள்ளின. ஒவ்வொரு துண்டும் எங்கே வருகிறது என்று பூமாரி கண் இமைக்காமல் பார்த்தாள். பதினோராவதில் மேகமெல்லாம் கலைந்து வானம் வெளுத்தது.

படம் முடிந்ததும் ஷாரோன் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"எப்டி கீது?"

"நல்லாத்தான் எடுத்திருக்காவ" என்றாள் பூமாரி. கொஞ்சம் யோசித்தாள். "ஆனா பதினொண்ண அவங்க சரியாக் கேக்கலக்கா."