உள்ளுக்கு வரட்டா, ராத்தா?

கட்டுகஸ்தோட்டையில் தன் வீட்டு மேசையில் உட்கார்ந்தபடியே ஐந்து ஊர்ப் பார்மசிகளின் கணினிகளுக்குள் போய் வருகிறவள் ஷஹ்மா. மடிக்கணினியில் பன்வில, டெப்லெட்டில் ஹேவாஹெட்ட, போனில் கண்டி டவுன். மருந்துக் கையிருப்பைப் பதிவதும், முரண்டு பிடிக்கும் பிரிண்டரை வழிக்குக் கொண்டுவருவதும் ஒன்பது வருடமாக அவள் பாடு. நுழைவதற்கு எல்லா இடத்துக்கும் ஒரே பயனர் பெயர், ஒரே கடவுச்சொல். முதலாளி பளீல் ஹாஜியாருக்கு அதற்கு மேல் விளக்கிச் சொன்னால் கொட்டாவி வந்துவிடும்.

பிரசவ லீவு நெருங்கியபோது ஷஹ்மா ஊரெல்லாம் ஆள் தேடவில்லை. சித்தப்பா முறையான சாச்சாவின் மகள், தன்னை ராத்தா என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடும் பஸ்னாவைக் கூட்டிவந்து, பக்கத்தில் கதிரை போட்டு இருத்தி, ஆறு வாரம் சொல்லிக்கொடுத்தாள். அவள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கக் கடவுச்சொல்லையும் கையில் கொடுத்தாள்.

ஒரே பெயரில் இருவர் ஒரே கணினிக்குள் நுழைந்தால் ஒரு வில்லங்கம் உண்டு. பின்னால் வருகிறவர் முன்னால் இருந்தவரை வெளியே தள்ளிவிடுவார். தள்ளப்பட்டவரின் அரைகுறை வேலை திரையில் அப்படியே திறந்து கிடக்கும். கணினி யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காது. மனிதர்களாவது கேட்கட்டும் என்று ஷஹ்மா ஒரு வழக்கம் வைத்தாள்: நுழையுமுன் போனில் கோல் எடுத்துக் கேட்க வேண்டும்.

“ராத்தா, உள்ளுக்கு வரட்டா?”

“கொஞ்சம் பொறு புள்ள, சேவ் பண்ணிட்டு செல்றன், அப்ப வா.”

லீவு முடிந்து ஷஹ்மா திரும்பியதும் ஹாஜியார் சொல்லிவிட்டார்: “ரெண்டு பேரை வெச்சிக்க ஏலாது. இந்த மாசம் பாத்துட்டு ஒராளை எடுக்கிறன்.” ஷஹ்மா பயப்படவில்லை. பாவம் பஸ்னா, வேறு எங்கே சேர்த்துவிடலாம் என்றுதான் யோசித்தாள். ஷஹ்மா அத்தனை வெகுளி.

அந்த வாரத்திலிருந்து திரை அடிக்கடி அறுந்தது. ஷஹ்மா நெட்வேர்க்கைத் திட்டினாள், மழையைத் திட்டினாள். ஹாஜியார் அவளைத் திட்டினார். “பாதியில பாதியில உட்டுட்டுப் போனா பன்விலக்கு மருந்து எப்படிப் போகும்?”

செவ்வாய்க்கிழமை காலை, பன்விலப் பதிவின் நடுவில் மறுபடி வெளியே விழுந்தாள். எரிச்சலில் உடனே திரும்ப நுழைந்தாள். அவள் பதிவுக்கு மேலே ஒரு கடிதம் திறந்து கிடந்தது.

‘ஹாஜியார், ராத்தா இன்றைக்கும் பதிவைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார். குழந்தையை வைத்துக்கொண்டு அவரால் முடியாது. நானென்றால்…’

அதற்கு மேல் எழுத்து இல்லை. எழுதிக்கொண்டிருந்தவளை ஷஹ்மா இப்போதுதானே வெளியே தள்ளினாள்.

“அடிப்பாவி,” என்று வாய்விட்டே சொன்னாள். வேலை போவதைக்கூடத் தாங்கலாம். அந்தக் குழந்தையை முதன்முதலில் கையில் வாங்கிய பெண்ணல்லவா எழுதியிருக்கிறாள்!

கடிதத்தை அழித்திருக்கலாம். அவள் தொடவில்லை. வழக்கம்போல் கோல் எடுத்தாள்.

“பஸ்னா, நான் கேக்காம உள்ளுக்கு வந்துட்டன். ஒன்ட கடிதம் தொறந்து ஈக்கி.”

மறுபக்கம் விசைகள் தட்டுப்படும் சத்தம் மட்டும் கேட்டது. திரை அறுந்தது. ஷஹ்மா கடவுச்சொல்லை அடித்தாள். பிழை என்றது. டெப்பை எடுத்து ஹேவாஹெட்டவைப் பார்த்தாள். அங்கேயும் பிழை. கோல் மட்டும் இன்னும் அறுபடவில்லை.

“பஸ்னா, நான் உள்ளுக்கு வரட்டா?”

“வேணாம் ராத்தா.”