கொலுவுக்கு வந்த டாங்கிகள்

அந்த வருஷக் கொலுவுக்கு டாங்கி செய்யப் போகிறேன் என்று எங்கள் மன்னி சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். கொலுவில் பார்க் வைப்பார்கள், தெப்பக்குளம் வைப்பார்கள், களிமண்ணில் மலைக்கோட்டை பிடித்து உச்சியில் பிள்ளையாரை உட்கார வைப்பார்கள். டாங்கி வைத்து யாரும் பார்த்ததில்லை. அதிலும் மன்னி வைக்க நினைத்தது அணிவகுத்துப் போகிற டாங்கி கூட இல்லை. பட்டறையில் கழட்டிப் போட்டிருக்கிற டாங்கி.

மன்னியின் புருஷன், என் அண்ணா, ராணுவத்தில் டாங்கி மெக்கானிக். சண்டையில் அடிபட்டும், சேற்றில் மாட்டியும், எஞ்சின் வெந்தும் நின்றுவிட்ட டாங்கிகளைப் போர்முனைக்குச் சற்றுப் பின்னால் வைத்துச் சரி செய்து அனுப்புகிற வேலை. அம்மா இதை வெளியே சொல்ல மாட்டாள். மிலிட்டரியில் இன்ஜினியர் என்பாள். ஸ்ரீரங்கத்து உத்தர வீதியில் பிறந்து, கோயிலில் பிரபந்த கோஷ்டியில் நின்று சேவித்த பிள்ளை கிரீஸ் கையோடு வாகனத்துக்கு அடியில் கிடப்பதை அவளால் ஜீரணிக்க முடியவில்லை. லீவில் வந்தால் முதல் காரியமாகப் புளியும் சாம்பலும் கொடுத்து நகக்கண்ணைத் தேய்க்கச் சொல்வாள். கருப்பு போகாது. பெருமாள் சேவிக்க அழைத்துப் போகும்போது கையை உத்தரீயத்துக்குள் வைத்துக்கொள் என்பாள்.

மன்னிக்கு அந்தக் கூச்சமே கிடையாது. துறையூரில் ஒரு டிராயிங் மாஸ்டரின் பெண் அவள். அண்ணா லீவில் வந்தால் இருவரும் மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்கள். வடாம் எடுக்கிற சாக்கில் நான் போய் ஒட்டுக் கேட்டிருக்கிறேன். ஏதாவது சரசப் பேச்சு காதில் விழும் என்று ஆசையாகப் போனால், கியர் பாக்ஸை எப்படி இறக்குவது என்று ஓடிக்கொண்டிருக்கும். பி.ஏ. முடித்துவிட்டு வரனுக்காகக் காத்திருந்த எனக்குக் கல்யாணத்தின் மேலேயே நம்பிக்கை குறைந்துபோனது.

அறுபத்தைந்தில் வடக்கே சண்டை மூண்டது. அண்ணாவின் கடைசி இன்லண்ட் லெட்டர் அதற்கு முன்னாலேயே வந்தது. பிறகு ஒரு வரி கிடையாது. நவராத்திரிக்குச் சற்று முன் சண்டை நின்றதாக ரேடியோ சொன்னது. அப்பா அன்றைக்குத்தான் வாயைத் திறந்து பேசினார். ஆனால் சண்டை நின்றும் கடிதம் வரவில்லை. தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போக ஆரம்பித்தார். அண்ணா உயிரோடு இருக்கிறானா என்று மன்னி ஒருநாளும் யாரையும் கேட்கவில்லை. அப்பாவிடம் பழைய பேப்பர்களைக் கேட்டு வாங்கி, டாங்கிப் படங்களையெல்லாம் வெட்டி எடுத்தாள்.

அடிக்குக் கால் அங்குலம். அதுதான் அவள் வைத்த கணக்கு. ஒரு டாங்கி இத்தனை அடி நீளம் என்று அண்ணா சொன்னதை வைத்துப் பழுப்புக் காகிதத்தில் முன்புறம், பக்கவாட்டு, மேற்புறம் என்று வரைந்தாள். அட்டையை வெட்டி ஒட்டி உடம்பு. தைல டப்பா மூடியின் மேல் களிமண் அப்பி, ஆணி அடித்துச் சுழல விட்ட பீரங்கி மேடை. பீரங்கிக்குக் குடைக்கம்பி. சக்கரங்களுக்குச் சின்னக் கடைத் தெருவில் ஒரு தையல்கார பாயிடம் போய்க் கோட்டுப் பொத்தான்களைக் கேட்டோம். எதுக்கும்மா இத்தனை, ஊருக்கே கோட்டு தைக்கப் போறீங்களா என்று கேட்டார். மன்னி விஷயத்தைச் சொன்னதும் டப்பாவையே கவிழ்த்து ஒரே அளவில் பொறுக்கித் தந்துவிட்டு, காசு வாங்க மறுத்துவிட்டார். அப்பாவின் பழைய தோல்பையிலிருந்து பிரித்த ஜிப், சக்கரத்தைச் சுற்றி ஓடுகிற இரும்புப் பட்டையானது. கருப்பு மையும் நல்லெண்ணெயும் குழைத்து அங்கங்கே தடவியதும் பழைய ஜிப் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. சிரித்த வாயை மூடிக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். ஜவான்களுக்கு டீ போட்டுக் கொடுக்க ஒரு கெட்டில் செய்தேன். பார்க்க லட்சணமாக வந்திருந்தது. மன்னி அதை ஸ்கேலால் அளந்து பார்த்துவிட்டு, இதில் ரெண்டு பேர் இறங்கிக் குளிக்கலாம் என்றாள். மறுபடி செய்யச் சொன்னாள். மறுபடியும் பெரிசு. கடைசியில் ஒரு கொண்டைக்கடலையைக் குடைந்து வெள்ளி மை பூசினேன், அது தேறியது. இவ்வளவு பிடிவாதக்காரியோடு எப்படிக் குடித்தனம் நடத்துகிறானோ என்று அண்ணாவை நினைத்துப் பரிதாபப்பட்டேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு அவள் மேல் பிரமிப்புத்தான். கையில் ஸ்கேலை எடுத்துவிட்டால் அவள் முகத்தில் பயம் இருக்காது.

மொத்தம் மூன்று டாங்கிகள். முன்னால் நின்றதற்குப் பட்டையும் சில சக்கரங்களும் கழண்டிருந்தன. அடியில் ஒரு மெக்கானிக் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவதன் பீரங்கி மேடையை ஈர்க்குச்சி முக்காலியில் நூல் கட்டித் தூக்கி நிறுத்தியிருந்தது. மூன்றாவதன் எஞ்சினை வெளியே எடுத்து டீயில் முக்கிய காக்கித் துணி மேல் வைத்திருந்தது. கரும்புக் கொல்லைக்குள் மறைத்து வைத்துத்தான் வேலை பார்ப்போம் என்று அண்ணா சொல்லியிருந்தானாம். அதற்காகச் சுற்றிலும் கேழ்வரகு முளை போட்டாள். முளை தினமும் வளர்ந்தது. கரும்பு தென்னை மரமாகிவிடக் கூடாதே என்று தினமும் காலையில் கத்தரிக்கோலும் ஸ்கேலுமாக உட்கார்ந்து ஒரே உயரத்துக்கு வெட்டிவிடுவாள்.

கொலுப் படியில் வைக்கக் கொண்டுபோனபோதுதான் அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"பின்னமானதைக் கொலுவில வைக்கப்படாது."

உடைந்த பொம்மையை எங்கள் பக்கத்தில் யாரும் கொலுவில் வைக்க மாட்டார்கள். விரல் போன கிருஷ்ணனாக இருந்தாலும் காவேரிக்குத்தான் போக வேண்டும். பிள்ளையைப் பற்றித் தகவல் இல்லாத வீட்டில், அந்தப் பிள்ளையின் டாங்கியையே சக்கரம் கழண்டதாக, மேல் படியில் இருக்கிற பெருமாள் தாயாருக்கு முன்னால் கொண்டு வைத்தால் அம்மாவால் எப்படிப் பார்க்க முடியும் என்று எனக்கே புரிந்தது. மன்னிக்கும் புரியாமல் இருந்திருக்காது.

"பின்னம் இல்லைம்மா. கழட்டி வெச்சிருக்கு. பூட்டறதுக்காகக் கழட்டினது" என்றாள்.

அம்மா நகரவில்லை. அப்பா ஊடே புகுந்து, படியில் வேண்டாம், கீழே பார்க் வைக்கிற இடத்தில் பலகை போட்டு வையுங்கோ என்று தீர்ப்புச் சொன்னார். அப்படியே வைத்தோம். முன்னால் நின்ற டாங்கி மட்டும் தாயாருக்கு நேர் எதிரே வந்தது. அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கோலம் கூட டாங்கியைச் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் முடிந்தது.

செய்தி வீதியில் பரவி, வெற்றிலை பாக்குக்கு வந்தவர்கள் எல்லாம் முதலில் டாங்கியைத்தான் பார்த்தார்கள். கடலையில் செய்த கெட்டிலைக் கண்டுபிடித்துக் குழந்தைகள் மாதிரி ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. ஆனால் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வந்த ஒரு மாமி, சுண்டலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கடுதாசி வராத ஆத்தில் இப்படி உடைசலை வைக்கலாமோ என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனாள். அன்று முழுக்க அம்மா பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் நானும் மன்னியும் தாயார் சன்னதிக்குப் போனோம். கூட்டம் நெரித்தது. திரும்பி வந்து மன்னி கொலு முன்னால் நமஸ்காரம் செய்யக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

முன்னால் நின்ற டாங்கி முழுசாக இருந்தது. பொத்தான்கள் எல்லாம் ஏறியிருந்தன. ஜிப் பட்டை சுற்றி வந்து இறுக்கமாகத் தைத்திருந்தது, கருப்பு நூலில், அம்மா ரவிக்கைக்கு ஹெம்மிங் போடுகிற நுணுக்கமான தையலில். அடியில் உட்கார்ந்திருந்த மெக்கானிக் வெளியே வந்து நின்றான். பீரங்கி மட்டும் பின்பக்கமாகத் திரும்பியிருந்தது.

யார் தொட்டது என்று மன்னி கேட்டாள். அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. அம்மா தளிகை உள் அடுப்படியிலிருந்து வந்தாள். மைதாப் பசை காய்ந்து அவள் விரலெல்லாம் வெள்ளையாக இருந்தது.

"நான்தான். எத்தனை நாள் கழட்டியே வெச்சிண்டிருப்பே? பூட்டி முடிச்சாத்தானே அவனை விடுவா? முடிச்சுட்டேன். ஆத்துக்கு அனுப்பச் சொல்லு."

யாரிடம் சொல்லச் சொன்னாள் என்று இன்று வரை தெரியாது. மன்னி டாங்கி முன்னால் உட்கார்ந்தாள். தையலைத் தடவிப் பார்த்தாள். இழுத்துப் பார்த்தாள். ஒரு குறை சொல்ல முடியாது, அடிக்குக் கால் அங்குலத்துக்கு ஏற்ற தையல். பிறகு பீரங்கியை முன்னால் திருப்பக் கையை நீட்டினாள்.

"அதைத் தொடாதே. தாயாருக்கு நேரா பீரங்கியை நீட்டிண்டு நிக்கலாமா?" என்றாள் அம்மா.

மன்னிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை வாரத்தில் முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்தாள். அம்மா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பசைக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, அவள் முதுகில் வைத்தாள். மாமியாரும் மருமகளும் அப்படி ஒட்டி உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். எனக்கு அம்மாவை அவ்வளவு பிடித்ததும் அன்றுதான்.

அடுத்த நாளிலிருந்து வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்கிற பொறுப்பை அம்மாவே எடுத்துக்கொண்டாள். விசிறிக் காம்பால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவாள். இது பட்டை, இது கழண்டால் டாங்கி நகராது. இது எஞ்சின், தூக்குவதற்கு முக்காலி வேண்டும். உங்க பிள்ளை இன்ஜினியர் என்றீர்களே என்று கேட்டவளிடம், இன்ஜினியர் இல்லை, டாங்கி ரிப்பேர் பண்றான், அவன் பண்ணாவிட்டால் எந்த டாங்கியும் போகாது என்றாள். பாதிக்குப் பாதி தப்பாகத்தான் சொன்னாள். மன்னி ஒரு இடத்தில் கூடத் திருத்தவில்லை.

தீபாவளி கழிந்து ஒரு கார்டு வந்தது. நலம், வேலை அதிகம், லீவு கிடைத்ததும் வருகிறேன். அவ்வளவுதான். அம்மா அதை அப்பாவிடம் கொடுத்துத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள். தை மாதம் அண்ணா வந்தான். மெலிந்து கருத்திருந்தான். இந்தத் தடவை அம்மா புளியும் சாம்பலும் எடுத்து வைக்கவில்லை.

மற்ற பொம்மைகள் பரணுக்குப் போயிருந்தாலும் டாங்கிகளை மன்னி அலமாரி மேலேயே வைத்திருந்தாள். பலகையோடு இறக்கிக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அண்ணா குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தான். நூல் கட்டிய முக்காலியைப் பார்த்தான். எஞ்சினை விரலால் தொட்டான். இதில் எண்ணெய்க் கறை எங்கே இருக்கணுமோ அங்கேதான் இருக்கு என்றான். மன்னியின் முகம் அப்போது இருந்த இருப்பை என்னால் எழுத முடியாது. பிறகு முன்னால் நின்ற டாங்கியைக் காட்டி, பீரங்கியை இப்படித் திருப்பி வைத்தது யார் என்று கேட்டான்.

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தப்பு என்றுதான் சொல்லப் போகிறான் என்று நினைத்து, மன்னி அவசரமாக, நான்தான், இடம் பத்தவில்லை என்றாள். அம்மா அதை ஒப்புக்கொள்ளவில்லை. தாயாருக்கு நேராக நீட்டக் கூடாது என்று தான் திருப்பியதாகச் சொன்னாள்.

அண்ணா அம்மாவையே பார்த்தான்.

"சரியாத்தாம்மா இருக்கு. சண்டைக்குப் போறச்சேதான் முன்னாடி பாத்துண்டு போகும். வேலை முடிஞ்சு ஊர் திரும்பற டாங்கி, பீரங்கியைப் பின்னாடி திருப்பிக் கட்டிண்டுதான் வரும். நாங்க எல்லாரும் அப்படித்தான் வந்தோம்."

அம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் வாடிப்போனது. பலகையையே பார்த்தாள். முக்காலியில் தொங்கிய பீரங்கியும் எஞ்சின் எடுத்த டாங்கியின் பீரங்கியும் முன்னால் பார்த்தபடிதான் நின்றன.

"மத்த ரெண்டையும் திருப்பாம விட்டுட்டேனே. அதுல யார் பெத்த பிள்ளைகளோ" என்றாள்.

அண்ணா எழுந்து முற்றத்துப் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான். அம்மா பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, முதலில் கடைசி டாங்கியின் பீரங்கியைத் திருப்பினாள். தொங்கிக்கொண்டிருந்தது மட்டும் கையை எடுத்ததும் பழையபடி முன்னால் சுழன்று வந்தது. மறுபடி திருப்பினாள், மறுபடி வந்தது. மன்னி ஊசியில் கருப்பு நூலைக் கோத்து அம்மாவிடம் கொடுத்தாள்.