மஞ்சள் சிட்டத்தில் ஐந்து விரல்

கடுக்காய்த் தண்ணீரில் ஊறிய நூலை இரும்பு தொட்டால் கறுத்துவிடும். அண்ணன் இதை ஒரு நாளைக்குப் பத்து முறையாவது சொல்வார்.

தொண்ணூறுகளின் நடுவில், அனகாபுத்தூரில், ஆற்றுக்குப் போகும் சந்தில் எங்கள் சாயப்பட்டறை. ஆட்கள் அண்ணனும் நானும்தான். பவுடர் சாயம் அவர் நெஞ்சில் இறங்கியிருந்தது. இருமித் துப்பினால் அதில் அன்றைய நிறம் இருக்கும்.

ஏற்றுமதிக்காரர் ஒருவர் கெமிக்கல் படாத மஞ்சள் கேட்டார். மாதிரிக்கு ஐந்து சிட்டம், அதாவது ஐந்து கற்றை நூல். பிடித்தால் வருஷம் முழுக்க வேலை.

"இது மட்டும் ஓகே ஆச்சுன்னா, பவுடர் டப்பாவ ஆத்துல வுட்டுருவேன்டா."

"ஆறு இன்னா பாவம் பண்ணிச்சு?" என்றேன். சிரித்தார். சிரிப்பு இருமலாகிப் போனது.

மண்பானை, மரக்கழி, கிணற்றுத் தண்ணீர். கடுக்காய், படிகாரம், மாதுளந்தோல். பட்டறையில் கஷாய வாசனை. அண்ணி முதல் தடவையாக மூக்கைப் பொத்தாமல் வாசலில் நின்றாள்.

"இன்னாங்க, சாயமா ரசமா?"

கடைசி நாள் காலை, வேர்வை தாங்காமல் தெருமுனை அடிபம்பில் முகம் கழுவினேன். கைப்பிடி முழுக்கத் துரு. அதே ஈரக்கையோடு வந்து, கழியில் தொங்கிய சிட்டம் ஒன்றை வலது கையால் பிடித்துப் பிழிந்தேன்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளில் ஐந்து விரல் கறுத்து எழுந்தது. அலசினேன். தேய்த்தேன். இன்னும் தெளிவானது.

"நூலுக்குக் கைநாட்டு வெச்சிட்டியேடா" என்றார் அண்ணன். அவ்வளவுதான் சொன்னார்.

"அஞ்சுல ஒண்ணு இப்படின்னா ஐந்நூறுல எத்தனை?" என்று ஏற்றுமதிக்காரர் எழுந்து போனார். அன்று ராத்திரி சோற்றின் முன்னால் அண்ணன் அண்ணியிடம், "நான்தான் மறந்து பம்ப தொட்டுட்டேன்" என்றார். நான் தலை நிமிரவில்லை. மறுநாள் பவுடர் டப்பா திறந்தது.

மூன்றாவது மழைக்காலத்தில் அண்ணன் இல்லை.

அந்தச் சிட்டம் அண்ணியின் பீரோவில் இருக்கிறது. நான் போகும்போதெல்லாம் எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். மஞ்சள் வெளுத்துவிட்டது. கறுப்பு அப்படியே. ஒவ்வொரு விரலாகத் தன் விரலை வைத்துப் பார்ப்பாள்.

"பாரு தம்பி, உங்க அண்ணன் கை. எவ்ளோ பெருசு."

"ஆமா அண்ணி."

காபி நீட்டுகிறாள். இடது கையால் வாங்கிக்கொள்கிறேன்.