முப்பத்தொரு கையெழுத்தும் என் தனி மனுவும்

ஐயா, அம்மையீர், எவராயினும், இதனை வாசிக்க முன்வந்த தங்களுக்கு என் வணக்கம். கூட்டத்தோடு ஒத்துப்போகாமல் தனித்து நிற்பது நற்குணமா, குறையா என்று கேட்டால், நான் சொல்லக்கூடியது ஒரு மனுவின் வரலாறு மட்டுமே.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், பெங்களூர் அடுகோடியில் இருந்த ஓர் இயந்திரப் பட்டறையில் லேத் ஓட்டிவந்தேன். நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பொட்டலம் மடித்து வந்த தாள்களைப் படித்தே எழுதப் பழகியவன். எனக்கு அடுத்த இயந்திரத்தில் துளைபோட்டவர் கோலார் தங்கவயல்காரர். சுரங்க வேலை உடம்புக்கு ஒவ்வாமல் பெங்களூர் வந்தவர். மனைவியையும் மூன்று பெண்களையும் பொம்மனஹள்ளியில் குடிவைத்திருந்தார்.

ஒரு பிற்பகல் அவர் இயந்திரத்தை ஓடவிட்டுவிட்டுப் பீடி புகைக்க வெளியே போனார். திரும்புவதற்குள் மோட்டார் எரிந்துபோயிற்று. விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்றார் முதலாளி.

‘அவர் இடத்தைவிட்டு அசையவே இல்லை’ என்று தொழிலாளர்கள் ஒரு மனு எழுதினார்கள். முதலில் ஒப்பமிட்டவர் யார் என்று தெரியாதபடி கையெழுத்துகளை வட்டமாக இடுவது எங்கள் வழக்கம். தாள் கடைசியாக என்னிடம் வந்தது.

“அவர் வெளியே போனதை நான் பார்த்தேனே” என்றேன்.

“நாங்க மட்டும் பாக்கலியா?” என்றார் தாளை நீட்டிய பிட்டர். “முப்பத்தொரு பேரும் பொய்யனுங்க, நீங்க ஒருத்தர்தான் யோக்கியரு. போடுங்கண்ணே, பேனாவுல மை காயுது.”

நான் போடவில்லை.

அன்று மாலை தங்கவயல்காரரே என் வீட்டுக்கு வந்தார். “அண்ணே, உண்மையச் சொல்லாதீங்கன்னு நான் சொல்லல. தனியாச் சொல்லாதீங்க, அவ்வளவுதான்” என்றார். கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் என் பெயரில் தனி மனு கொடுத்தேன். அவர் வெளியே சென்றது உண்மை. ஆனால் அந்த இயந்திரத்தின் பேரிங் தேய்ந்திருப்பதை அவர் போர்மேனிடம் இருமுறை முறையிட்டிருந்தார், மோட்டார் எரிந்தது அதனாலேயே என்று எழுதினேன். உண்மை அவரைக் காப்பாற்றும் என்று மனமார நம்பினேன். என் வாசகங்களை முதலாளி மெச்சவேண்டும் என்ற ஆசையும் இருந்தது, மறைப்பானேன்.

முதலாளி இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். என் முதல் வரியைக் காட்டி, மற்றவர்கள் மனு பொய் என்று தள்ளினார். பேரிங்குகளை மட்டும் ஓசையில்லாமல் மாற்றச் சொன்னார். தங்கவயல்காரருக்கு வேலை போயிற்று.

அதன்பின் ஏறக்குறைய ஓராண்டு என்னோடு டீக்கடைக்கு எவரும் வரவில்லை. “அவரு தனி ஆளு, தனியாவே குடிக்கட்டும்” என்பார்கள், என் காதுபட.

பேரிங்குகள் மாறியதால் எவருடைய கையேனும் தப்பியிருக்கலாம். அது தனித்து நின்றதன் பலன். பொய்க்கு ஒப்பமிட மறுத்தது சரியென்றே இன்றும் கருதுகிறேன். ஆனால், ‘இந்த ஒரு வாக்கியத்தை மாற்றுங்கள், பேரிங்கைப் பற்றி எழுதுங்கள், நானும் போடுகிறேன்’ என்று அந்த முப்பத்தொருவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோழர்களிடம் சொல்லவேண்டிய திருத்தத்தை முதலாளியிடம் போய்ச் சொன்னேன். தனித்து நிற்பவனுக்கு நேரும் குருட்டுத்தனம் அதுவே.

தங்கவயல்காரர் குடும்பத்தோடு ஆனேக்கல் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். தேடிச்சென்று பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. அவர் முன்கூட்டியே இருமுறை எச்சரித்தார் என்பது என் தனி மனுவைத் தவிர வேறெங்கும் எழுதப்படவில்லை. அதுவும் இந்நேரம் செல்லரித்திருக்கும். ஆகவே இந்தத் தாளைத் தாங்கள் பத்திரமாக வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.